அப்பாவின் அருகாமையும் பிள்ளையின் மனநலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. தூக்கம் வரவில்லை, படிப்பில் மனம் நிற்கவில்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்று வருவார்கள். இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பும். அம்மாவைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள், "அப்பா?" என்று கேட்டதும் நின்றுவிடுவார்கள். "அவர் நல்லவர்தான்" என்பார்கள். அதற்கு மேல் வார்த்தை வராது. பெற்றோரைச் சந்திக்கும்போது மறுபக்கத்துச் சந்தேகங்கள் வரும். இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சம்பாதித்துப் போடுகிறேன், ஃபீஸ் கட்டுகிறேன். இது வளர்ப்பில் பங்கெடுப்பது இல்லையா?

பங்குதான். அதைக் குறைத்துப் பேசக் கூடாது. வீட்டில் பணக் கஷ்டம் வந்தால் முதலில் பெற்றோரின் மனநிலை கெடுகிறது, அடுத்து அது பிள்ளையைத் தொடுகிறது. அந்தக் கஷ்டம் வராமல் பார்த்துக்கொள்கிற அப்பா, பிள்ளையின் நிம்மதிக்கும் சேர்த்தே உழைக்கிறார்.

ஆனால் அதோடு முடிந்துவிடுவதில்லை. 1980களில் மைக்கேல் லேம்ப், ஜோசப் பிளெக் முதலிய ஆய்வாளர்கள் அப்பாவின் பங்கை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று, பிள்ளையோடு நேரடியாக ஈடுபடுவது: தூக்குவது, விளையாடுவது, பாடம் சொல்லிக்கொடுப்பது. இன்னொன்று, கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் இருப்பது. மூன்றாவது பொறுப்பு. அடுத்த தடுப்பூசி எப்போது, செருப்பு சின்னதாகிவிட்டதா, வகுப்பில் யாரோடு மனஸ்தாபம் என்பதையெல்லாம் யாரும் நினைவூட்டாமல் மனதில் வைத்திருப்பது. நான் பார்த்தவரை, முதல் இரண்டையும் ஆசையோடு செய்கிற அப்பாக்கள்கூட மூன்றாவதை முழுக்க அம்மாவின் தலையில் விட்டுவிடுகிறார்கள்.

இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. நம் பேச்சில் அதற்கு அழகான சொல் உண்டு: முகம் கொடுப்பது. பிள்ளை எதையோ சொல்ல வந்தபோது அப்பா முகம் கொடுத்துக் கேட்டாரா? கீழே உள்ள பதில்களில் பல இந்தக் கேள்வியிடம்தான் திரும்பி வரும்.

குழந்தைக்கு அம்மாதானே முக்கியம்? அப்பாவால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

ஆராய்ச்சியாளர்களே வெகுநாள் இப்படித்தான் நினைத்தார்கள். 1951இல் ஜான் பவுல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய புகழ்பெற்ற அறிக்கை தாயின் பராமரிப்பைப் பற்றியது. அப்பா அதில் அம்மாவுக்குப் பணத்தாலும் மனத்தாலும் துணைநிற்பவராகத்தான் வருகிறார். 1964இல் ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியபோது வேறு படம் தெரிந்தது. 18 மாதம் ஆவதற்குள் சுமார் முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு அப்பாவிடமும் ஒட்டுதல் வந்திருந்தது. பால் கொடுப்பவர் யார், நாள் முழுக்கக் கூட இருப்பவர் யார் என்பதைவிட, குழந்தையின் அழுகைக்கும் சிரிப்புக்கும் உடனே பதில் கொடுப்பவர் யார் என்பதே ஒட்டுதலைத் தீர்மானித்தது.

ஆணின் உடம்பும் இதற்கு இசைந்து கொடுக்கிறது. பிலிப்பைன்ஸில் 624 ஆண்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், அப்பா ஆனவர்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு மற்ற அப்பாக்களைவிடவும் குறைவு. 2014இல் இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். குழந்தை வளர்ப்பின் முதல் பொறுப்பை ஏற்ற ஆண்களின் மூளையில், குழந்தைக்கு ஆபத்தா என்று விழித்திருக்கும் பகுதி தாய்மாருக்கு இயங்குவது போலவே இயங்கியது. "எனக்கு அதெல்லாம் இயல்பாக வராது" என்று சொல்லும் அப்பாக்களிடம் இதைச் சொல்வேன். செய்யச் செய்ய வரும்.

இருபது வயதில் வரும் மனச்சோர்வுக்கும் நாலு வயதில் அப்பா தூக்கினாரா என்பதற்கும் என்ன சம்பந்தம்?

ஒன்று நடந்ததால் இன்னொன்று நடந்தே தீரும் என்கிற மாதிரியான சம்பந்தம் இல்லை. ஆனால் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2005இல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பின்படி, மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன. வீட்டை விட்டு வெளியே போவது, தோற்பது, காதலிப்பது, வேலை தேடுவது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும் வயது அது. அதுவரை மனதில் சேர்ந்திருக்கும் தெம்பு எவ்வளவு என்பது அப்போதுதான் தெரிகிறது.

அந்தத் தெம்பு சேரும் இடங்களில் ஒன்று விளையாட்டு. மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது, கட்டிப் புரள்வது, துரத்துவது என்று அப்பாக்கள் விளையாடும்போது குழந்தைக்குப் பரபரப்பு உச்சத்துக்கு ஏறும். நல்ல அப்பா குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பயம் தட்டிய நொடியில் நிறுத்தி அணைத்துக்கொள்வார். ஏறிய படபடப்பு இறங்கும் என்பதைக் குழந்தையின் உடம்பு இப்படித்தான் கற்கிறது. ஜெர்மனியில் கிராஸ்மன் தம்பதியர் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2002இல் எழுதினார்கள். இரண்டு வயதில் அப்பா எவ்வளவு குறிப்பறிந்து விளையாடினார் என்பதற்கும், 10 வயதிலும் 16 வயதிலும் அந்தப் பிள்ளை உறவுகளை எவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தது என்பதற்கும் தொடர்பு இருந்தது. 2010இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 900க்கும் மேற்பட்டவர்களிடம் எட்டு நாள் தொடர்ந்து அன்றாடத் தொல்லைகளைப் பற்றிக் கேட்டார்கள். சிறுவயதில் அப்பாவோடு நல்ல உறவு இருந்ததாகச் சொன்ன ஆண்கள், அந்தத் தொல்லைகளில் குறைவாகவே நிலைகுலைந்தார்கள்.

இன்னொன்று, பிள்ளை தன்னைப் பற்றி மனதுக்குள் போடும் கணக்கு. "அப்பாவுக்கு வேலை அதிகம்" என்று குழந்தை நினைப்பதில்லை. "என்னைப் பார்க்க அப்பாவுக்குப் பிடிக்கவில்லை" என்றுதான் நினைக்கிறது. ரொனால்ட் ரோனர் பல பண்பாடுகளில் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். பெற்றோர் தன்னை ஏற்கவில்லை என்று உணர்ந்து வளர்ந்தவர்களிடம் தன்மதிப்புக் குறைவும் பதற்றமும் உலகத்தின் மேல் அவநம்பிக்கையும் கூடுதலாக இருக்கின்றன. இதில் அப்பாவின் ஏற்பும் அம்மாவின் ஏற்பைப் போலவே எடை உள்ளது.

இதற்கெல்லாம் உறுதியான ஆதாரம் இருக்கிறதா? பாசமான அப்பா இருக்கும் வீட்டில் வசதியும் இருக்கும், அதனால்கூட இருக்கலாமே?

நியாயமான சந்தேகம். வசதி, படிப்பு, பெற்றோருக்கு இடையே உள்ள இணக்கம், மரபணு எல்லாமே இதில் கலந்திருக்கின்றன. மனச்சோர்வு எளிதில் வரும் மரபுள்ள அப்பா பிள்ளையிடமிருந்து விலகியும் இருக்கலாம், அதே மரபைப் பிள்ளைக்குக் கொடுத்தும் இருக்கலாம். அதனால் ஒரே ஒரு ஆய்வைக் காட்டி யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

நான் நம்பிக்கை வைப்பது நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளில். பிரிட்டனில் 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை இன்றுவரை தொடர்கிறார்கள். அப்பா வாசித்துக் காட்டுகிறாரா, வெளியே கூட்டிப்போகிறாரா, படிப்பில் அக்கறை காட்டுகிறாரா என்று 7 வயதிலேயே பதிவு செய்திருந்தார்கள். அதையும் பின்னால் 16 வயதில் எடுத்த பதிவுகளையும் வைத்து ஐரினி ஃப்ளூரியும் ஆன் புக்கானனும் 2003இல் எழுதியதில், 16 வயதில் அப்பாவின் ஈடுபாடு கிடைத்த பெண்களுக்கு 33 வயதில் மன உளைச்சல் குறைவாக இருந்தது. அம்மாவின் ஈடுபாடு கூடினாலும் குறைந்தாலும் அப்பாவின் பலன் மாறியதாகத் தெரியவில்லை. 2008இல் அன்னா சர்காடி குழுவினர் இப்படிப்பட்ட 24 ஆய்வு வெளியீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது 22இல் அப்பாவின் ஈடுபாட்டால் நன்மை தெரிந்தது. 2013இல் சாரா மெக்லனஹன் குழுவினர், மேலே சொன்ன கலப்படங்களைக் கழித்துப் பார்க்கும் முறைகளைக் கையாண்ட ஆய்வுகளை மட்டும் அலசினார்கள். அப்பா இல்லாமை தேர்வு மதிப்பெண்ணைப் பாதிப்பதற்கான ஆதாரம் பலவீனமாகவும், வளர்ந்த பின் மனநலத்தைப் பாதிப்பதற்கான ஆதாரம் வலுவாகவும் இருந்தது. மதிப்பெண் மட்டும் பார்த்து "பிள்ளை நன்றாக இருக்கிறது" என்று நிம்மதியாகும் வீடுகளை நினைத்தால் இந்த முடிவு என்னைக் கவலைப்பட வைக்கிறது.

நான் வீட்டுக்கு வரும்போது குழந்தை தூங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இருந்தால் போதும்?

மணிக்கணக்கு சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2016இல் வந்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. குழந்தைக்கான வேலைகளை அப்பா எத்தனை முறை செய்தார் என்பதற்கும், 9, 11 வயதில் பிள்ளையின் நடத்தைச் சிக்கல்களுக்கும் தொடர்பு தெரியவில்லை. குழந்தையிடம் மனம் எப்படி ஒட்டியது, அப்பாவாக இருப்பதில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பவற்றுக்குத் தொடர்பு இருந்தது.

இதைப் படித்துவிட்டு வீட்டு வேலையிலிருந்து கழன்றுகொள்ளாதீர்கள். அம்மா ஓய்ந்துபோனால் அந்தச் சோர்வும் பிள்ளையிடம்தான் போய்ச் சேரும். நான் சொல்வது இவ்வளவுதான்: இருக்கிற இருபது நிமிடத்தில் போனைக் கண்ணுக்குப் படாத இடத்தில் வையுங்கள். "இன்றைக்கு என்ன படித்தாய்" என்று தொடங்காதீர்கள், அது விசாரணை. பிள்ளையின் நண்பர்களில் மூன்று பேரின் பெயரும், அவர்களில் யாரோடு இப்போது பேச்சில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்தால், உங்களுக்கு நேரம் போதுமானதாகவே இருக்கிறது.

கண்டிப்பாக இருந்தால்தானே பிள்ளை உருப்படும்? அப்பா என்றால் ஒரு பயம் வேண்டாமா?

கண்டிப்பு வேறு, கிட்டப் போக முடியாத பயம் வேறு. "பத்து மணிக்குள் வீட்டுக்கு வா" என்று சொல்லி அதில் உறுதியாக நிற்கிற அப்பாவிடம், தாமதமாகிவிட்டால் போன் செய்து உண்மையைச் சொல்ல முடிகிறது என்றால் அது நல்ல கண்டிப்பு. போன் செய்ய நடுங்கினால் அங்கே விதி இருக்கிறது, அப்பா இல்லை.

1979இல் கார்டன் பார்க்கர் குழுவினர் ஆஸ்திரேலியாவில் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். 16 வயது வரை அம்மாவும் அப்பாவும் எப்படி நடந்துகொண்டார்கள் என்று வளர்ந்தவர்களிடமே கேட்பது அது. அன்பு குறைவு, கட்டுப்பாடு அதிகம் என்கிற சேர்க்கையை அவர்கள் 'அன்பில்லாக் கட்டுப்பாடு' என்ற பொருளில் அழைத்தார்கள். மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் அடிக்கடி சேர்ந்து காணப்படுவது இந்தச் சேர்க்கைதான். கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்வதைவிட, அன்பு கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும் என்றுதான் அப்பாக்களிடம் கேட்டுக்கொள்வேன். "உள்ளுக்குள் அவ்வளவு பாசம்" என்பது பிள்ளைக்குத் தெரியாது.

மகனுக்குத்தான் அப்பா தேவை, மகளுக்கு அம்மா போதும் என்கிறார்களே?

இல்லை. மேலே சொன்ன 2003 ஆய்வில் பலன் தெரிந்தது பெண்களிடம். பின்னால் வரும், அப்பாவின் மனச்சோர்வைப் பற்றிய 2005 ஆய்வில் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது பையன்களிடம். வெளிப்படும் விதமும் வயதும் மாறும். தேவை இருவருக்கும் ஒன்றுதான்.

எனக்கு மூன்று வயதாகும்போதே அப்பா போய்விட்டார். எனக்குக் கட்டாயம் பாதிப்பு இருக்குமா?

கட்டாயம் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரலில் இருக்கும் பயம் எனக்குத் தெரியும், அதனால் இதை முதலில் சொல்கிறேன். 2013இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், முதல் ஐந்து வயதுக்குள் அப்பா விலகிப்போன பெண்பிள்ளைகளுக்கு 14 வயதில் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தது உண்மை. கூட்டமாகப் பார்த்தால் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பதுதான் அதன் பொருள். தனி ஆளின் தலையெழுத்தை எந்த ஆய்வும் சொல்லாது.

மறுபக்கத்துக்கும் வலுவான சான்றுகள் உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திடமான, அக்கறையுள்ள மனிதர்களாக உருவானார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியோ வேறு யாரோ, மனதுக்கு நெருக்கமான ஒரு பெரியவர் இருந்தது. சூசன் கோலம்பாக்கின் ஆய்வுகளில் தனியாக முடிவெடுத்துப் பிள்ளை பெற்ற தாய்மாரின் குழந்தைகளும், இரண்டு தாய்மார் வளர்த்த குழந்தைகளும் மனநலத்தில் மற்றக் குழந்தைகளுக்குப் பின்தங்கவில்லை. உங்களுக்கு முகம் கொடுத்தவர் மாமாவாகவோ ஆசிரியராகவோ இருந்திருக்கலாம். அது இரண்டாந்தரமானது இல்லை.

அப்பா இறந்துபோயிருந்தால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் அவர் பெயரையே எடுக்காமல் இருப்பது பிள்ளையைக் காப்பதாகப் பெரியவர்கள் நினைப்பார்கள். அந்த மௌனத்தில் பிள்ளை தனியாகிவிடுகிறது. அவர் எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று தெரிந்தவர்களிடம் கேளுங்கள். இப்போதும் கேட்கலாம்.

அடிக்கிறார், திட்டுகிறார். ஆனாலும் பிள்ளைக்கு அப்பா என்று ஒருவர் வீட்டில் இருக்க வேண்டாமா?

இருந்தே ஆக வேண்டும் என்பது இல்லை. பிரிட்டனில் ஐந்து வயது இரட்டைக் குழந்தைகளை வைத்து சாரா ஜாஃபி குழுவினர் 2003இல் எழுதியது இதைப் பற்றித்தான். வன்முறையும் சட்டமீறலும் இல்லாத அப்பாக்கள் விலகி இருந்த அளவுக்குப் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல் கூடியது. அந்தக் குணங்கள் மிகுந்த அப்பாக்கள் விஷயத்தில் தலைகீழ். அவர்கள் கூட வாழ்ந்த காலம் நீள நீளத்தான் சிக்கல் கூடியது. அப்பாவின் ஈடுபாடு நல்லது என்று மேலே எழுதியதெல்லாம் பாதுகாப்பான அப்பாவைப் பற்றியது. அடி விழும் வீட்டில் முதல் வேலை, அம்மாவையும் பிள்ளையையும் பத்திரமாக்குவது.

குழந்தை பிறந்ததிலிருந்து என் கணவர் எரிந்து எரிந்து விழுகிறார், குழந்தையைத் தொடுவதே இல்லை. மனமே இல்லாதவரா?

அப்படி முடிவு கட்டும் முன் அவருக்கு மனச்சோர்வா என்று பாருங்கள். 2010இல் உலகின் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, மனைவியின் கர்ப்ப காலத்திலும் குழந்தையின் முதல் வருடத்திலும் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்தது. ஆண்களிடம் அது அழுகையாகத் தெரியாமல் எரிச்சலாக, ஒதுங்கலாக, ஓயாத வேலையாக, குடியாக வெளிப்படுவது சாதாரணம். குழந்தைக்கு எட்டு வாரம் இருக்கும்போது அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்தால், மூன்றரை வயதில் குழந்தைக்கு, முக்கியமாகப் பையன்களுக்கு, நடத்தைச் சிக்கல்கள் கூடுவதாக 2005இல் பால் ராம்சந்தானி குழுவினர் காட்டினார்கள். தாய்க்குச் சிகிச்சை உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தந்தைக்கும் அதே சிகிச்சைகள் உண்டு.

அவர் தூக்கினால் குழந்தை அழுகிறது. அதனால் நானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன். தவறா?

களைப்பில் அப்படித் தோன்றுவது புரிகிறது. ஆனால் குழந்தையின் அழுகையை அமர்த்திப் பழக அவருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. கோணலாக மாட்டிய சட்டையோடு குழந்தை ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும். திருத்தப் போகாமல் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

எனக்கு 24 வயது. அப்பா என்னிடம் மனம்விட்டுப் பேசியதே இல்லை. இப்போது நான் பேசிப் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எதை எதிர்பார்த்துப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மன்னிப்பை எதிர்பார்த்துப் போனவர்கள் பெரும்பாலும் காயத்தோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். "நீங்கள் என் வயதில் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டவர்களுக்குச் சில சமயம் எதிர்பாராத கதவு திறந்திருக்கிறது. தனக்கு யாரும் முகம் கொடுக்காத வீட்டிலிருந்து வந்தவர் அவர் என்பது அப்போதுதான் தெரியும். அது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. "என்னிடம்தான் குறை" என்று உங்களுக்குள் போட்டு வைத்த கணக்கு மட்டும் தளரும்.

அவர் மாறாவிட்டாலும் உங்களுக்கு வழி அடைபடவில்லை. மேரி மெயினும் அவரைத் தொடர்ந்தவர்களும் பெரியவர்களின் பால்ய நினைவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, கசப்பான இளமையை ஒளிக்காமல், அதில் மூழ்கிவிடாமல், தெளிவாகச் சொல்ல முடிகிறவர்களின் உறவுகள் பாதுகாப்பாக இருப்பதைக் கண்டார்கள். நல்ல நட்பு, நல்ல துணை, ஆலோசகரோடு செய்யும் பொறுமையான வேலை எல்லாம் அந்த இடத்துக்குக் கொண்டுபோகும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் அப்பாவோடு பேசுவது இருக்கட்டும், முதலில் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றே, இப்போதே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் என் பிரச்சினைக்கெல்லாம் அப்பாதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாமா?

ஆதாரம் பற்றிய பதிலில் சொன்ன கலப்பு இங்கேயும் பொருந்தும். மரபு, பள்ளியில் பட்ட அவமானம், நட்பு, பணம், நீங்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் சேர்ந்த கதை உங்களுடையது. அதில் அப்பா ஒரு அத்தியாயம், சிலருக்குப் பெரிய அத்தியாயம். பெரியதைச் சிறியது என்று நடிக்கச் சொல்ல மாட்டேன். அதுவே முழுக் கதை என்று நம்பினால் மற்ற அத்தியாயங்களில் நீங்கள் மாற்றக்கூடியதும் கண்ணுக்குப் படாமல் போய்விடும்.

என் மகனுக்கு 19 வயது. சின்ன வயதில் நான் கூடவே இல்லை. இனி என்ன செய்ய முடியும்?

எட்வர்ட் டிரானிக் தாயையும் சேயையும் நொடி நொடியாகப் படம்பிடித்துப் பார்த்தபோது, நல்ல உறவிலும்கூட இருவரும் பெரும்பாலான நேரம் ஒருவரோடொருவர் பொருந்தாமலேயே இருந்தார்கள். பிசகியதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டதுதான் அந்த உறவைத் தாங்கியது. 19 வயது மகனிடமும் சரிசெய்யலாம். ஆனால் அவனுக்கு இப்போது உங்கள் அறிவுரை தேவைப்படாது, நாலு வயதுப் பிள்ளைக்குக் காட்டும் பாசத்தையும் அவனால் வாங்கிக்கொள்ள முடியாது.

ஒரே ஒரு முறை, நேராகச் சொல்லுங்கள்: "உன் சின்ன வயதில் நான் பக்கத்தில் இல்லை. அது என் தவறு." வேலை, கடன், அந்தக் காலம் என்று காரணம் சேர்க்காதீர்கள். அவன் கோபப்பட்டால் கேளுங்கள். பதிலே சொல்லாமல் எழுந்து போனால் போகவிடுங்கள். பிறகு, அவனோடு எங்காவது போகவேண்டிய வேலை இருந்தால் கூடப் போங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாத பிள்ளைகள் பக்கத்தில் நடந்துகொண்டே பேசிவிடுவார்கள். முதல் சில மாதம் அவன் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொல்வான். ஒரு நாள் தானாக ஏதோ சொல்ல ஆரம்பிப்பான், அநேகமாக அற்பமான ஒன்றை. அப்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்புங்கள்.